கொடியேற்றத்துக்குள் சேர வேண்டிய கடிதம்

அன்பு மகள் ஜெசிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் சுகத்துக்கும் மாப்பிள்ளை சுகத்துக்கும் ஜெபிக்கிறோம். ஃபோனில் பேசினால் "ம், சரிப்பா, மீட்டிங் இருக்குப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. முட்டி போடாதே என்று டாக்டர் சொன்னதை அவள் கேட்பதில்லை. சனிக்கிழமை ஒருசந்தி விரதத்தையும் விடவில்லை. எதற்காக என்று நான் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் லேப்டாப் பார்க்காதே. நம் பனிமய மாதா கோயிலில் ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருவிழா. லீவுக்கு இப்போதே எழுதிக்கொடு.

உன் சின்ன அத்தை வீட்டுக்கு இப்போது நான் போவதில்லை. அம்மா போகிறாள், அது அவளுடைய பெரிய மனசு. அந்த வீட்டுப் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு முந்தின ராத்திரி நீ எங்களிடம் என்ன சொன்னாய்? "தலைவலிப்பா, வேற யாராச்சும் நிக்கட்டும்." நாங்களும் நம்பினோம். பிறகு பீரோவை ஒதுக்கும்போது மேல்தட்டில் அம்மா அந்த வெள்ளைக் கவுனைப் பார்த்தாள். கழுத்தில் லேஸ், முதுகில் மூன்று முத்துப் பட்டன், விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. பக்கத்தில் வெள்ளை ரிப்பன் சுற்றிய மெழுகுதிரி. ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் ஏந்தி ஞானத்தாயாக நிற்கிறவள் கொண்டுவருகிற சாமான் அது என்று உன் அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மெல்ல விசாரித்தாள். பிள்ளை பெற்றவள் கையில் கொடுத்தால்தான் ராசி என்று அத்தைதான் உனக்கு ஃபோன் செய்து ஆளை மாற்றினாளாம். எங்களிடம் சொல்லியிருக்கலாமே, மகளே. யாரோ சொல்லித் தெரிந்துகொள்வதற்கா நாங்கள் இருக்கிறோம்?

அத்தையிடம் நேரே போய்க் கேட்டுவிட்டேன். ஞானப்பெற்றோருக்கு என்ன தகுதி வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 874ஆம் எண்ணில் எழுதியே வைத்திருக்கிறது. 16 வயது நிரம்பியிருக்க வேண்டும், உறுதிபூசுதல் பெற்றிருக்க வேண்டும், நற்கருணை வாங்கியிருக்க வேண்டும், விசுவாசத்தோடு வாழ வேண்டும். பிள்ளை பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. பெற்ற தாய், தகப்பன் நிற்கக்கூடாது என்றுதான் இருக்கிறது! அத்தை, "சட்டம் எல்லாம் சாமியாருக்கு, எங்களுக்கு வழக்கம்" என்றாள். வழக்கமாம். கன்னியாஸ்திரியான நம் மதர் அத்தை இருந்த காலத்தில் பிறந்த பிள்ளைகளைப் போட்டிபோட்டுக்கொண்டு தூக்கிப் போய் அவர் மடியில் வைத்தது யார்? இதே சின்ன அத்தைதான். மதர் அத்தை கல்யாணமே செய்யாதவர். சாகும்வரை விடுதிப் பிள்ளைகளுக்குப் பேன் பார்த்து, சொறிக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தவர். அவரை யாராவது ஒரு சொல் சொன்னதுண்டா? மடம் புகுந்தவள் கையில் ஆசீர் இருக்குமாம், மாலை மாற்றியவள் கையில் இருக்காதாமா? இரண்டும் ஒரே பீடத்துக்கு முன்னால் கொடுத்த வாக்குத்தானே.

கன்னிமை கல்யாணத்தைவிட மேலானது என்று திருச்சபையின் திரிதெந்து பொதுச்சங்கம் 1563இல் சொன்னது உண்மை. நான் மறைக்கவில்லை. ஆனால் 1988இல் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் பெண்ணின் மாண்பைப் பற்றி எழுதிய மடலில் கன்னிமையையும் தாய்மையையும் பெண்ணின் அழைத்தலுக்கு இரண்டு பக்கங்களாக வைத்து, மாதாவிடம் இரண்டும் சேர்ந்தே இருந்தன என்கிறார். கன்னியர் பெறாத பிள்ளைகளுக்கும் தாயாகிறார்கள் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த இடம். லூக்கா 11இல், கூட்டத்திலிருந்த ஒரு பெண் உம்மைச் சுமந்த வயிறு பாக்கியம் பெற்றது என்று கத்துகிறாள். ஆண்டவர் என்ன சொன்னார்? கடவுளின் வார்த்தையைக் கேட்டுக் கடைப்பிடிக்கிறவர்கள் அதைவிடப் பாக்கியவான்கள் என்றார். தன் சொந்தத் தாயைப் பற்றிய பேச்சிலேயே அப்படிச் சொன்னார். மாதாவுக்கு இதில் குறைவு இல்லை, ஏனென்றால் கேட்டு நடந்ததில் முதல் ஆள் அவர்தான். இதெல்லாம் நீ முதல் நற்கருணைப் பிள்ளைகளுக்கு நடத்தின பாடம்தான். உன்னைப்போல நடத்த இன்னும் ஆள் அமையவில்லை என்று போன வாரம்கூட ஒருவர் சொன்னார். சரி, சரி, பெருமை பேசவில்லை.

நம் திருவிழாவின் கதையையே பாரேன். கொடியேறுகிற 26ஆம் தேதி மாதாவைப் பெற்ற சுவக்கீன், அன்னம்மாள் திருநாள். பிள்ளை இல்லாதவன் முதலில் காணிக்கை வைக்கக்கூடாது என்று சுவக்கீனைக் கோயிலில் தள்ளி நிறுத்தியதாக இரண்டாம் நூற்றாண்டு நூல் ஒன்றில் இருக்கிறது. விவிலியத்தில் இல்லை, ஆனாலும் அப்போதே சின்ன அத்தைகள் இருந்திருக்கிறார்கள். பனிமய மாதா ஐதிகமும் அப்படித்தான். லிபேரியுஸ் பாப்பரசர் காலத்தில் ரோமையில் யோவான் என்ற பிரபுவும் அவர் மனைவியும் இருந்தார்கள். பிள்ளை இல்லை. சொத்தை மாதாவுக்கென்று நேர்ந்துவிட்டு வழி கேட்டார்கள். ஆகஸ்ட் 5, நல்ல கோடை, எஸ்குலின் குன்றில் பனி விழுந்து கோயிலுக்கு இடம் காட்டியது. அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை பிறந்ததா? கதையில் அந்தப் பேச்சே இல்லை. 431இல் எபேசு சங்கம் மரியாளைக் கடவுளின் தாய் என்று அறிக்கையிட்ட சில ஆண்டுகளுக்குள் அங்கே எழுந்த பெரிய கோயில்தான் இன்றைக்கும் நிற்கிறது. அந்த மாதாவின் பேரால் நம் தூத்துக்குடியில் இருக்கிற கோயிலை 1982இல் பேராலயமாக உயர்த்தினார்கள். பிள்ளை இல்லாத ஒரு புருஷன் பெண்சாதி பேரில் சொல்லப்படுகிற திருவிழா இது. அந்தத் திருவிழாவுக்கு நீ வர வெட்கப்படுவாயா?

லீவுக்கு எழுதிக்கொடு. முத்துநகர் ரயிலில் டிக்கெட் இப்போதே போட்டால்தான் கிடைக்கும்.

இன்னொன்று. வைத்திய விஷயம். நான் கேட்கவில்லை. கேட்கிற விஷயமும் இல்லை. சோதனைக்குழாய் முறையைத் திருச்சபை ஒப்புவதில்லை என்று உனக்குத் தெரியும், 1987இல் வந்த அறிவுரையில் இருக்கிறது. புருஷன் மனைவி சேர்வதற்குத் துணையாக இருக்கிற சிகிச்சைக்குத் தடை இல்லை, அதற்குப் பதிலாக வருவதற்குத்தான் தடை. அதே அறிவுரையில் இன்னொரு இடமும் உண்டு. எந்த வழியில் வந்த பிள்ளையானாலும் கடவுளின் கொடையாக ஏற்று அன்போடு வளர்க்க வேண்டும். இரண்டையும் எழுதிவிட்டேன். உங்கள் இருவர் மனசாட்சிக்கு நடுவில் நான் வந்து உட்கார மாட்டேன். ஆனால் உடம்பைப் பார்த்துக்கொள். ஊசி, மாத்திரை என்று எதுவாக இருந்தாலும் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல். என்னிடம் வேண்டாம், அவளிடம் சொல்.

அங்கே மாப்பிள்ளை வீட்டில் ஏதாவது பேச்சு அடிபட்டாலும் மனதில் போட்டுக்கொள்ளாதே. பிள்ளை இல்லை என்பதற்காக ஒரு கல்யாணமும் செல்லாமல் போகாது. திருச்சபைச் சட்டம் 1084ஆம் எண், மூன்றாம் பிரிவு. மாப்பிள்ளை தங்கமானவர், அவரிடம் இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் அம்மா கேட்டால் சொல். அப்படிக் கேட்கிறார்களா, ஜெசி? கேட்டால் அன்றைக்கே எனக்கு ஃபோன் செய். மீட்டிங் எல்லாம் அப்புறம்.

கடிதம் எழுத வந்த காரணத்தை இன்னும் எழுதவில்லை. உன் மறைக்கல்வி வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாளே, வலை பின்னுகிறவர் மகள், அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. திருவிழா வாரத்தில் ஞானஸ்நானம் கொடுக்க நினைக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, "டீச்சர் நிப்பாங்களா, மாமா?" என்று கேட்டாள். நாங்கள் சொல்லித்தான் வந்தாளோ என்று சந்தேகப்படாதே. அம்மா மேல் சத்தியமாக நாங்கள் வாய் திறக்கவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அம்மா மக்ரூன் கொடுத்தாள், பத்தியம் என்று சாப்பிடவில்லை.

முடியாது என்றால் முடியாது, நான் வற்புறுத்தமாட்டேன். ஆனால் பதிலை என் மூலமாகச் சொல்லாதே, நீயே அவளிடம் சொல். நம்பர் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பகலில் அவள் மாமியார்தான் ஃபோனை எடுக்கிறார், காது கேட்பதில்லை. ஆறு மணிக்கு மேல் கூப்பிடு.

இப்படிக்கு,
அப்பா