திறக்கச் சோம்பல் வராத கவுலிங்

ஜீவன்பீமா நகர், பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை

பாப்பா,

கார் ஷெட்டில் நீங்கள் கிட் வாங்கிக் கட்டும் குட்டி விமானத்தின் படத்தை அம்மாவிடம் காட்டினேன். "அப்போ காரை எங்கே நிறுத்துவாங்க?" என்று மட்டும் கேட்டாள். எஞ்சினை மூடும் கவுலிங்கைப் பூட்ட, கிட்டோடு வந்த பியானோ கீலையே (நடுவில் நீளக் கம்பி ஓடும் கீல்) போடுவதா, கால் சுற்றுத் திருப்பினால் பூட்டும் கேம்லாக்குக்கு மாறுவதா என்று நீயும் மாப்பிள்ளையும் ஒரு வாரமாகச் சண்டை என்றாய். போனிலேயே சொல்லியிருப்பேன். நான் வாயைத் திறக்கும் நேரம் பார்த்துத்தான் தலைக்கு மேலே தேஜஸ் போர் விமானம் பறக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

கீலில் குறை சொல்ல மாட்டேன். எடை குறைவு, விலை குறைவு, வெளியே ஒரு ஸ்க்ரூ தலைகூடத் தெரியாது. சுமையும் ஓரம் முழுக்கப் பரவும். மாப்பிள்ளைக்கு அந்த வழவழப்பு பிடித்திருக்கும். ஆனால் கீலின் கண்கள் அலுமினியம், உள்ளே ஓடும் கம்பி எஃகு. உங்கள் நாலு சிலிண்டர் எஞ்சின் 2700 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 90 தடவை வெடிக்கும். அத்தனை அதிர்விலும் எஃகு அலுமினியத்தை அரைத்துக்கொண்டே இருக்கும். மூட்டில் கரி மாதிரி ஒரு கோடு வழிந்தால் அது அரைபட்ட தூள்தான். கவுலிங்கின் அடியில், சூடான காற்று வெளியேறும் வாய்க்கு இரண்டு பக்கமும் உள்ள கண்கள்தான் பெரும்பாலும் முதலில் உடையும். அப்புறம் கம்பி. அது நழுவி முன்பக்கம் வந்தால் எதிரே ப்ரொப்பெல்லர் இருக்கிறது. நுனியை வளைத்து சேஃப்டி வயர் போட்டுக் கட்டாமல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவே கூடாது.

கவுலிங் வெறும் மூடி இல்லை. மணிக்கு 200 மைல் வேகத்தில் எதிர்க்காற்று சதுர அடிக்குச் சுமார் 45 கிலோ அழுத்துகிறது. சிலிண்டர்களைக் குளிர்விக்க அதையேதான் நாம் உள்ளே விடுகிறோம். அதில் நல்ல பங்கு மேல் கவுலிங்கை உள்ளிருந்து தூக்கும். மேலே ஓடும் காற்று வெளியிலிருந்து உறிஞ்சும். அதனால் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்பான ஃபயர்வாலின் ஓரத்தில் கேம்லாக் போட்டால் இடைவெளியில் கஞ்சத்தனம் வேண்டாம். மூன்று, மூன்றரை அங்குலத்துக்கு ஒன்று இருக்கட்டும். தள்ளித் தள்ளிப் போட்டால் நடுவில் உப்பி, வாய் திறந்தது போல் தெரியும்.

கேம்லாக்கில் எல்லோரும் ஏமாறும் இடம் ஸ்டட், அதாவது நாம் திருப்பும் ஊசி, அதன் நீளம். ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் முப்பது தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் முப்பது பங்கு) வித்தியாசம், அவ்வளவுதான். ஒரு நம்பர் நீளமாக இருந்தால் பூட்டியது போலவே இருக்கும், உள்ளே ஆடும். குட்டையாக இருந்தால் பூட்டாது, நீ பலம் போட்டு அதன் தலையில் உள்ள ஸ்லாட்டைக் கெடுப்பாய். கவுலிங்கின் ஃபைபர் கிளாஸ் எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் வராது, பெயின்ட் வேறு சேரும். அதனால் எல்லாவற்றையும் ஒரே நம்பரில் மொத்தமாக வாங்காதே. பெயின்ட் முடிந்த பிறகு ஒவ்வொரு துளையிலும் தடிமன் அளந்து, எந்தத் துளைக்கு எந்த நம்பர் என்று கவுலிங்கின் உள்பக்கம் எழுதி வை. துளைக்கு எஃகு வாஷர் கட்டாயம். இல்லாவிட்டால் ஸ்டட் தலை ஃபைபரைத் தின்று துளையைப் பெரிதாக்கிவிடும்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் சொந்தத் தப்பு. ஹேங்கரில் சேர்ந்த இரண்டாவது வருஷம், சாப்பாட்டு அவசரத்தில் ஒரு கேம்லாக்கை அரைகுறையாகத் திருப்பி விட்டேன். விமானம் திரும்பி வந்தபோது அந்த ஓரம் படபடத்து, பக்கத்திலிருந்த மூன்று துளைகள் கிழிந்திருந்தன. ஒன்று விட்டுப்போனால் அதன் சுமையைப் பக்கத்தில் உள்ளது சுமக்கும், அது போனால் அடுத்தது. அன்றைக்கு என் சீனியர் திட்டவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அதற்குப் பிறகு பூட்டிய நிலையில் ஸ்லாட்டுக்கு நேராகக் கவுலிங்கில் ஒரு சிவப்புக் கோடு போட ஆரம்பித்தேன். அம்மாவின் நெயில் பாலிஷ் எங்கே போகிறது என்று வீட்டில் பெரிய விசாரணையே நடந்தது.

பெரிய விமானத்திலும் இதே கதைதான். 2013 மே மாதம் ஹீத்ரோவில் ஏர்பஸ் 319 ஒன்று கிளம்பும்போது இரண்டு எஞ்சின்களின் ஃபேன் கவுல் கதவுகளும் பிய்த்துக்கொண்டு போயின. ராத்திரி வேலை பார்த்தவர்கள் தாழ்ப்பாளைப் பூட்டாமல் போய், முடிக்கத் திரும்பி வந்தபோது தவறி வேறொரு விமானத்திடம் போய்விட்டார்கள். தாழ்ப்பாள்கள் எஞ்சினின் அடிவயிற்றில் இருக்கின்றன. குனிந்து பார்த்தால்தான் தெரியும். காலையில் சுற்றிப் பார்த்தவர்கள் கண்ணிலும் படவில்லை. ஒரு எஞ்சினில் தீப்பிடித்தும் விமானம் பத்திரமாகத் திரும்பி இறங்கியது.

ஆகவே என் கட்சி இது. ஃபயர்வால் ஓரம் முழுக்கக் கேம்லாக். பக்கவாட்டில் மேலும் கீழும் சேரும் இடம் நேர்க்கோடு, கம்பி சுலபமாக ஓடும். அங்கே கீல் இருக்கட்டும், மாப்பிள்ளை பேச்சையும் கேட்ட மாதிரி இருக்கும். வளைந்த ஃபயர்வால் ஓரத்தில் நீளக் கம்பியை உருவுவதும் திரும்பச் செருகுவதும் எனக்குத் தெரியும். விரல் கிழியும், வாயில் கெட்ட வார்த்தை வரும். நாலு தடவை அப்படி ஆனால் ஐந்தாவது தடவை, "எஞ்சின் நல்லாத்தானே ஓடுது, அடுத்த வாரம் திறக்கலாம்" என்று தோன்றும். ஆயில் கசிவதும், எக்ஸாஸ்டில் விரிசல் விழுவதும் அந்த அடுத்த வாரத்துக்குள்தான் நடக்கும். ஐந்து நிமிஷத்தில் கழற்ற முடிந்தால் நீ அடிக்கடி திறப்பாய். கூடுதல் எடைக்கும் காசுக்கும் நான் சொல்லும் காரணம் அது ஒன்றுதான்.

இங்கே எஸ்.ஜே.பி. ரோட்டுக் கடைகளில் இதெல்லாம் மலிவாகக் கிடைக்குமா என்று கேட்டாய். போல்ட்டைக் கிலோ கணக்கில் தருவார்கள், நான் வீட்டு கேட்டைப் பழுதுபார்க்க அங்கேதான் வாங்கினேன். சர்டிஃபிகேட் இல்லாத எதையும் நீ விமானத்தில் ஏற்ற வேண்டாம், நீ இருக்கும் இடத்திலேயே சர்டிஃபிகேட்டோடு வாங்கு.

அம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், செவ்வாய்க்கிழமை பார்சல் போடுகிறேன். கூடவே சிவப்பு நெயில் பாலிஷ் இரண்டு பாட்டில். இந்தத் தடவை கேட்டுத்தான் எடுத்தேன்.

அப்பா