நீசச் சந்திரனும் தங்கள் ஞாயிறு இணைப்பிதழும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பிதழின் ஜோதிடப் பக்கத்தில், மனதுக்கு அதிபதியான மனோகாரகனாகிய சந்திரன் விருச்சிகத்தில் நீசம் பெறுவதால், அதாவது வலுவிழப்பதால், அந்த ராசியினரின் மனம் ஒருநாளும் தெளிவாக இராது என்று ஒரு வரி வெளியாகியிருந்தது. தாங்கள் படித்துப் பார்த்த பிறகே அது அச்சுக்குப் போயிருக்கும் என்று இன்னமும் நம்பும் பழைய வாசகி நான்.

சந்திரன் விருச்சிகத்தில் நீசம் என்பதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் நீசம் என்பது சந்திரன் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஒளியைப் பொறுத்தது, வளர்பிறை தேய்பிறையால் வரும் பட்ச பலம். இது தாங்கள் அறியாததல்ல. வைகாசியில் சூரியன் ரிஷபத்தில் இருப்பதால், அம்மாதப் பௌர்ணமிச் சந்திரன் நேர் எதிரே விருச்சிகத்தில்தான் முழு ஒளியோடு நின்றாக வேண்டும். கார்த்திகை அமாவாசையிலும் சந்திரன் அதே ராசியில்தான், சூரியனோடு சேர்ந்து ஒளியிழந்து நிற்கிறார். இவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டி, குரு பார்வையோ, நீசத்தை நீக்கும் நீசபங்கமோ உண்டா என்றும் பாராமல், ஒரு ராசிக்காரர் அனைவருக்கும் தீர்ப்பெழுதத் தங்கள் ஜோதிடருக்கு ஒரே வரி போதுமானதாக இருந்திருக்கிறது. சிக்கனம் பாராட்டத்தக்கது.

என் மகள் வைகாசிப் பௌர்ணமியன்று, விருச்சிக ராசி அனுஷ நட்சத்திரத்தில் பிறந்தவள். ஜாதகம் பொருந்தி, பெண் பார்க்க வர நாளும் குறித்திருந்த வீட்டார், திங்கட்கிழமை காலை தொலைபேசியில் அழைத்து, "பேப்பரிலேயே போட்டிருக்கிறார்களே" என்றார்கள். அதற்குமேல் அவர்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நானும் விருச்சிக ராசிதான். அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். ஆண்டுக்குப் பதின்மூன்று முறையாவது சந்திரன் மிதுனத்தைக் கடக்கிறார். அது என் ராசிக்கு எட்டாம் இடம் என்பதால், ஒவ்வொரு முறையும் எனக்கு இரண்டேகால் நாள் சந்திராஷ்டமம், ஆகாத நாள்கள். அதற்கென்று விடுப்பு எதுவும் இல்லாததால் அந்த நாள்களிலும் ஊசி போட்டேன், பிரசவம் பார்த்தேன். கை நடுங்கியது வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் மட்டும். அப்போது சந்திரன் எங்கே இருந்தார் என்று பார்க்க நேரமிருக்கவில்லை.

இது முதல் முறையும் அன்று. இரண்டு ராசிகளுக்கு ஒரே பலனை எழுத்து மாறாமல் அச்சிட்டிருந்த நாளில் ஓர் அஞ்சலட்டை எழுதினேன்; பதில் இல்லை. சனீஸ்வரர் கோயில் உள்ள திருநள்ளாற்றில் பழைய வாக்கியப் பஞ்சாங்கமே வழக்கமாயிருக்க, திருத்திய கணக்கான திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச் 29 சனிப்பெயர்ச்சிக்குச் சிறப்பிதழ் போட்டீர்கள். அது தங்கள் உரிமை. ஆனால் அன்றாடத் திதியை வாக்கியத்திலிருந்து எடுத்துப் போடுகிறீர்கள். சந்திராஷ்டமம் என்று நட்சத்திரத்தின் பெயரை மட்டும் அச்சிட்டு நேரத்தை விட்டுவிடுகிறீர்கள். சந்திரன் நள்ளிரவில் மட்டும்தான் ராசி மாறுவாரோ?

மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. நாள் பலனுக்குக் கீழே, அது எந்தப் பஞ்சாங்கம் என்பதையும் சந்திராஷ்டமம் தொடங்கும், முடியும் நேரங்களையும் அச்சிட வேண்டுகிறேன். இயலுமானால், வருகிற ஞாயிறு அதே பக்கத்தில் வைகாசிப் பௌர்ணமியைப் பற்றி ஒரு வரி போடுங்கள். அந்த வீட்டாரும் தங்கள் பத்திரிகையைத்தான் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கும்பகோணம்.