சப்ரஸரின் உட்தட்டுகள் பற்றிய புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: ரைஃபிள் சப்ரஸர் (குழல்முனையில் பொருத்தும் ஒலி தணிப்பான்) விளம்பரத்தில் கூறியவாறு செயல்படாமை, அதன் முதல் உட்தட்டு அரிக்கப்பட்டமை – மாற்றித் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். முறையான உரிமத்துடன் துப்பாக்கி சுடும் பயிற்சியில் ஈடுபட்டு வரும் நான் தங்கள் சப்ரஸரை வாங்கியதற்குக் காரணம், கையேட்டில் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்த '35 டெசிபெல் குறைப்பு' என்ற வாசகமே. எந்த நீளக் குழலில், எந்தத் தோட்டாவைக் கொண்டு, ஒலிவாங்கியை எங்கே நிறுத்தி அளந்தார்கள் என்ற விவரம் அக்கையேட்டின் எந்தப் பக்கத்திலும் இல்லை. ரைஃபிளின் வெடியோசை 160 டெசிபெல் வரையும் அதற்கு மேலும் செல்லக்கூடியது. 140 டெசிபெல்லைத் தாண்டும் திடீர் ஓசை ஒரே முறையில்கூடச் செவியைக் கெடுக்கலாம். எனவே அளக்கும் முறையால் வரக்கூடிய ஐந்தாறு டெசிபெல் வேறுபாடு என்பது வாங்குபவருக்குச் சின்ன விஷயம் அல்ல.

என் ரைஃபிள் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. தங்கள் சப்ரஸரைப் பொருத்திச் சுடும்போது குழல்முனைப் பக்கம் ஓசை தணிகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் வெற்றுத் தோட்டாக்கூடு வெளியேறும் துவாரத்தின் வழியே வாயு பீறிட்டு வந்து கண் எரிகிறது, ஓசையும் காதருகிலேயே அறைகிறது, மேகசினில் எஞ்சிய தோட்டாக்கள் மீது கரி படிகிறது. சப்ரஸருக்குள் வரிசையாக அமைந்த, நடுவே தோட்டா செல்லத் துளையுள்ள உட்தட்டுகள் வாயுவை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்து நிறுத்துகின்றனவோ, அந்த அளவுக்குப் பின்னழுத்தம் கூடி வாயு குழலின் வழியே பின்னோக்கித் திரும்புகிறது. குழல்முனைக்குப் பக்கவாட்டில் ஒரு மீட்டர் தள்ளி வைத்த ஒலிவாங்கியில் அழகாகத் தெரியும் ஓர் அமைப்பு, சுடுபவரின் காதருகே அவ்வளவு நன்றாக இராது என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததே. வாயுவை முன்னோக்கிக் கடத்திவிடும் வகையில் தட்டுகளை அமைத்துப் பின்னழுத்தத்தைக் குறைக்கும் தயாரிப்புகள் சந்தையில் இருக்கையில், தங்கள் கையேடு இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் 'எல்லா ரைஃபிளுக்கும் ஏற்றது' என்று எழுதியிருப்பது வாங்குபவரைத் தவறான வழியில் இட்டுச் செல்வதாகும்.

முதல் சூட்டின் ஓசை அடுத்து வருபவற்றைவிட உரக்கக் கேட்பதும் உண்டு. உள்ளறைகளில் தங்கிய காற்றின் ஆக்சிஜனோடு சூடான வாயு சேர்ந்து மீண்டும் எரிவதே இதற்குக் காரணம். பல சூடுகளின் சராசரியை மட்டும் வெளியிட்டால் இது மறைந்துபோகும்.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்துவது முதல் தட்டின் நிலைதான். வெப்பத்தையும் அழுத்தத்தையும் முதலில் தாங்குவது அதுவே என்பதால், கடுமையான பயன்பாட்டுக்குரிய சப்ரஸர்களில் அதை மட்டுமாவது இன்கோனல் போன்ற வெப்பம் தாங்கும் உலோகக் கலவையில் செய்வதுண்டு. விற்பனையாளர் உள்நோக்குக் கருவியை விட்டுப் பார்த்தபோது, அத்தட்டின் துளை விளிம்பு கொத்திய அம்மி போலக் குழிகுழியாக இருந்ததை நானும் கண்டேன். விளிம்பு ஒரு பக்கமாக அரிக்கப்பட்டால் வாயு சமச்சீரின்றிப் பாய்ந்து குறி தவறும் வாய்ப்புண்டு. தட்டுகள் பற்றவைக்கப்பட்டிருப்பதால் அந்த ஒன்றைக் கழற்றி மாற்றவும் வழியில்லை.

இதற்கு முன் நான் எழுதியபோது, ஒலியைவிட மெதுவாகச் செல்லும் தோட்டாவைப் பயன்படுத்துமாறு தங்கள் சேவைப் பிரிவு பதில் அனுப்பியது. ஒலியை மிஞ்சும் தோட்டா காற்றைக் கிழிக்கும் ஓசையை எந்தத் தட்டு அமைப்பாலும் தடுக்க இயலாது என்பதை நான் அறிவேன். அதைப் பற்றி நான் புகார் செய்யவே இல்லை. என் புகார் காதருகே வெளியேறும் வாயுவையும் அரிக்கப்பட்ட தட்டையும் பற்றியது.

ஆகவே, இந்தச் சப்ரஸரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, முதல் தட்டு என்ன உலோகத்தால் ஆனது என்ற எழுத்துபூர்வ உறுதியுடன் வேறொன்றைத் தருமாறும், அது இயலாவிடில் முழுத் தொகையையும் திருப்பித் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். கையேட்டின் அடுத்த பதிப்பில் குழல்முனை அளவையும் காதருகே எடுத்த அளவையும், முதல் சூட்டையும் அடுத்தவற்றையும் தனித்தனியே அச்சிட்டு, பயன்படுத்தத்தக்க மிகக் குறைந்த குழல் நீளத்தையும் குறிப்பிட வேண்டுகிறேன். உள்நோக்குக் கருவியில் எடுத்த படங்களையும் விற்பனை ரசீதின் நகலையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்