புகைபோக்கி வழியாகப் போகும் விறகுக் காசு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் விறகுச் செலவு பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். விலை ஏன் ஏறுகிறது என்பதை நன்றாகவே விளக்கியிருந்தீர்கள். ஆனால் காசு கொடுத்து வாங்கிய விறகின் சூட்டில் எவ்வளவு புகையோடு போகிறது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பாய்லர் பக்கத்திலேயே வேலை பார்க்கிறவன் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

புகையின் வெப்பநிலை 20, 22 டிகிரி குறைந்தால் பாய்லரின் திறன் ஒரு சதவீதம் கூடும் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதற்காகத்தான், புகையின் சூட்டால் பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சூடாக்கும் எக்கனாமைசரும், அடுப்புக்குப் போகும் காற்றைச் சூடாக்கும் ஏர் ப்ரீஹீட்டரும். அவை இல்லாத இடத்தில் முதலில் அவற்றைப் போட வேண்டும். இருக்கிற இடத்தில் சாம்பல் அடைக்காமல் குழாய்களைச் சுத்தம் செய்ய வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த கட்டம். நாற்பது சதவீதம் ஈரமுள்ள ஒரு டன் விறகை எரித்தால், அதிலிருக்கும் 400 கிலோ தண்ணீர் ஆவியாகிப் போகிறது. விறகிலுள்ள ஹைட்ரஜன் எரிவதால் இன்னும் 300 கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகிறது. ஆக, ஒரு டன் விறகுக்கு ஏறத்தாழ 700 கிலோ நீராவி புகையில் கலந்து போகிறது. எக்கனாமைசர் புகையை 140 டிகிரிக்குக் கொண்டுவந்தாலும் இந்த ஆவி ஆவியாகவே போய்விடும். புகையை 50 டிகிரிக்கும் கீழே இறக்கினால்தான் அது பெருமளவு தண்ணீராக மாறித் தன் சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். அந்தச் சூட்டில் பாதியைப் பிடித்தாலே, 30 டிகிரியில் இருக்கும் பத்தாயிரம் லிட்டர் தண்ணீரை 50 டிகிரிக்குச் சூடாக்கலாம்.

சுவீடன், டென்மார்க், லிதுவேனியா நாடுகளில் ஊருக்கே வெந்நீர் அனுப்பி வீடுகளைச் சூடாக்கும் மரத்தூள், மரச்சில்லு ஆலைகளில், புகையைக் குளிர்வித்து ஆவியைத் தண்ணீராக்கும் கண்டென்சர் என்ற கருவி வழக்கமான ஏற்பாடு. ஈர மரச்சில்லு எரிக்கும் இடத்தில், கூடுதலாக ஒரு குச்சி விறகு போடாமலே கால் பங்கு வரை அதிக வெப்பம் எடுக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஊரைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீரே 40, 50 டிகிரியில் இருப்பதால் புகையை அதற்குக் கீழே குளிர்விப்பது கஷ்டம். நமக்கோ 30 டிகிரித் தண்ணீர் தொட்டி தொட்டியாக இருக்கிறது. பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்துக்கு 60 டிகிரி, சாயமேற்றிய துணியைச் சோப்புக் கரைசலில் அலசும் சோப்பிங்குக்கு 90க்கு மேல் என்று அத்தனையையும் ஸ்டீம் கொடுத்துத்தான் ஏற்றுகிறோம். இந்த முறை சுவீடனைவிடத் திருப்பூருக்குத்தான் அதிகம் பொருந்துகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. நிலக்கரி, ஃபர்னஸ் ஆயில் எரித்த காலத்தில் கந்தக அமிலம் குழாயை அரித்துவிடும் என்று புகையைக் குளிரவிடாமல் வைத்திருந்தோம். விறகில் கந்தகம் மிகக் குறைவு; இருந்தாலும் புகை குளிரும் பகுதி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம் காற்று. விறகு போடும் கதவைத் திறந்தே வைத்து ஓட்டினால் தேவையில்லாத காற்று உள்ளே போய்ப் புகையை நீர்த்துப்போகச் செய்கிறது. ஆவி தண்ணீராகும் வெப்பநிலையும் இறங்கிவிடுகிறது. அப்படி ஓட்டுகிற பாய்லரில் கண்டென்சரை மாட்டிப் பயனில்லை. அப்புறம், கிடைக்கும் தண்ணீரில் சாம்பலும் தூசியும் இருக்கும். அதைச் சாக்கடையில் விடக்கூடாது, சுத்திகரிப்புக்குத்தான் அனுப்ப வேண்டும். புகையிலுள்ள தூசியும் இதோடு குறையும் என்பது கூடுதல் லாபம்.

2011இல் உயர்நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்ன பிறகு, சாயக்கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிறோம். அந்தக் கழிவுநீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கும் எவாப்பரேட்டர்கள் ஸ்டீமை விழுங்குகின்றன, ஸ்டீம் விறகை விழுங்குகிறது. நொய்யல் ஆற்றைக் காக்க எடுத்த முயற்சிக்கு மரங்களே விலையாகக் கூடாது.

எல்லாப் பட்டறையும் உடனே முதலீடு செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் பாய்லரில் சாயப்பட்டறை உரிமையாளர் சங்கமும் அரசும் சேர்ந்து செலவைப் பகிர்ந்து இதை நிறுவட்டும். ஓராண்டு ஓட்டி, விறகு எவ்வளவு மிச்சம், பராமரிப்புக்கு எவ்வளவு ஆனது என்ற கணக்கை மாதாமாதம் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடட்டும். அந்தக் கணக்கைத் தங்கள் இதழும் கேட்டு வாங்கிப் பிரசுரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாய்லர் பராமரிப்பில் இருக்கும் ஒரு வாசகர்,
திருப்பூர்