கசிவைச் சொன்ன சென்சரையே கழற்றி எறிகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

குளிர் விட்ட பிறகு 'செக் என்ஜின்' விளக்கோடு ஒன்ட்டாரியோ கராஜ்களுக்கு வரும் கார்களில், பெற்றோல் ஆவித் தொகுதியின் (தாங்கியில் எழும் ஆவியை வெளியே விடாமல் பிடித்து என்ஜினுக்கு அனுப்பும் அமைப்பு) கோட், அதாவது கணினி பதியும் பிழை இலக்கம், காட்டுபவை பல. கடும் குளிரில் இந்தத் தொகுதியின் கசிவுச் சோதனையைக் காரின் கணினி ஓட்டுவதே இல்லை. பெரும்பாலான மொடல்களில் காலையில் என்ஜினை இயக்கும்போது வெப்பநிலை சுமார் 4 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்கவேண்டும். தாங்கியில் பெற்றோல் 15 முதல் 85 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். அதனால் ஜனவரியில் விழுந்த ஓட்டை ஏப்ரலில்தான் பிடிபடும்.

கோட் வாசித்த கையோடு தாங்கிக்குள் ஆவியின் அமுக்கத்தை அளக்கும் சென்சரை மாற்றிவிடும் பழக்கம்தான் என் முறைப்பாடு. பி0442 என்றால் சுமார் 1 மில்லிமீற்றர் ஓட்டையளவு கசிவு, பி0456 அதில் பாதி, பி0455 பெரிய கசிவு. இந்த மூன்றும் சென்சர் ஒழுங்காக அளந்ததால் வந்தவையாகவே பெரும்பாலும் இருக்கும். சென்சரையும் அதன் வயரையும் நேரடியாகச் சந்தேகிக்க வேண்டியது பி0450 தொடக்கம் பி0454 வரைதான். அதிலும் பி0452 சிக்னல் மிகக் குறைவு, பி0453 மிகக் கூட என்பதையே சொல்கின்றன. சென்சர் பழுது என்று எந்தக் கோட்டும் சொல்வதில்லை.

பார்க்கும் முறை இது. பெற்றோல் மூடியைக் கழற்றிவிட்டு, என்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் ஓனில் வையுங்கள். ஸ்கானரில் (காரின் கணினியை வாசிக்கும் கருவி) தாங்கி அமுக்கம் பூச்சியத்தை ஒட்டி இருக்கவேண்டும். சிக்னல் வயரில் பல ஜிஎம் வண்டிகளில் 1.5 வோல்ற்றும், ஃபோர்டில் 2.6 வோல்ற்றும் வரும். (வெளிக்காற்றின் அமுக்கத்தையும் சேர்த்து முழு அமுக்கத்தை அளக்கும் சென்சர் உள்ள மொடலில் 100 கிலோபஸ்கல் அளவில் காட்டும், அதைப் பார்த்துப் பழுது என்று பயப்படவேண்டாம்.) இந்த அளவு வராவிட்டால் கனெக்ரரைக் கழற்றிப் பாருங்கள். மூன்று வயர்: 5 வோல்ற், ஏர்த், சிக்னல். 5 வோல்ற் வரவில்லையென்றால் புதுச் சென்சரும் அதே கோட்டைத்தான் தரும். ஏர்த் அறுந்திருந்தால் சிக்னல் மேலே ஏறி பி0453 வரும். ஜிஎம் வண்டிகளில் கனெக்ரரைக் கழற்றியதும் ஸ்கானர் காட்டும் சிக்னல் வோல்ற் பூச்சியத்துக்கு இறங்கவேண்டும். 5 வோல்ற் வயரையும் சிக்னல் வயரையும் 3 அம்பியர் ஃபியூஸ் உள்ள வயரால் இணைத்தால் 5 வரை ஏறவேண்டும். இரண்டும் சரியென்றால் மட்டுமே சென்சர் குற்றவாளி. கனெக்ரரின் பின்களில் பச்சைத் தூள் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். குளிர்காலத்தில் பனி உருக வீதியில் போடும் உப்பு வயருக்குள் ஏறினால் அப்படித்தான் இருக்கும். பல கார்களில் இந்தச் சென்சர் தாங்கியின் மேல் பக்கம் இருக்கிறது. தாங்கியை இறக்கித்தான் மாற்றவேண்டிவரும். அந்தக் கூலியை வாங்குவதற்கு முன் அரை மணி நேரம் மீற்றர் பிடிப்பது நியாயம்.

கசிவுக் கோட் என்றால் எங்கள் ஊரில் முதலில் பார்க்கவேண்டியது பெற்றோல் ஊற்றும் இரும்புக் குழாய். பின்சக்கரத்தின் மேலுள்ள பிளாஸ்டிக் மறைப்புக்குள் உப்புச் சேறு தங்கி அதை அரித்துவிடும். மூடி உட்காரும் விளிம்பை விரலால் தடவுங்கள். அங்கே துரு செதில் செதிலாக எழும்பியிருந்தால் எத்தனை புது மூடி வாங்கினாலும் அடைக்காது.

பெற்றோல் அடித்தவுடன் கார் இயங்க மறுத்தால் பேர்ஜ் வால்வு (ஆவியை என்ஜினுக்குள் விடும் வால்வு) திறந்தபடி நிற்கிறது என்று சந்தேகிக்கலாம். என்ஜின் ஓடும்போது அதன் கனெக்ரரைக் கழற்றி, கரிப் பெட்டிப் (ஆவியைப் பிடித்து வைக்கும் பெட்டி) பக்கத்துக் குழாயையும் எடுத்து, வால்வின் வாயில் விரல் வையுங்கள்; விரலை உறிஞ்சி இழுக்கக் கூடாது. பெற்றோல் அடிக்கும்போது பம்ப் அடிக்கடி 'கிளிக்' என்று நின்றால் வென்ற் வால்வு (தொகுதிக்குள் வெளிக்காற்று போய்வரும் வழியில் உள்ள வால்வு) அல்லது கரிப் பெட்டி அடைத்திருக்கலாம். முதல் 'கிளிக்'குக்குப் பிறகும் முட்ட முட்ட அடிப்பவர்கள்தான் அந்தக் கரியை நனைத்துக் கெடுப்பது.

இவற்றில் தெரியாவிட்டால் புகைச் சோதனை: ஆவித் தொகுதிக்குள் புகையை விட்டு, அது எங்கே வெளியே வருகிறது என்று பார்ப்பது. அமுக்கம் அரை பிஎஸ்ஐயைத் தாண்டக்கூடாது. கராஜ் கொம்பிறசர் காற்றைத் தாங்கிக்குள் விடுவது நேரே தீ விபத்துக்கு வழி, சென்சரும் போய்விடும். வென்ற் வால்வை ஸ்கானரால் மூடச் செய்துவிட்டே புகை விடவேண்டும். இல்லாவிட்டால் புகை அந்த வழியால் போக, அதையே ஓட்டை என்று காட்டிப் பணம் வாங்குவார்கள்.

தனியார் கார்களுக்கான ஒன்ட்டாரியோவின் 'டிரைவ் கிளீன்' மாசுச் சோதனை 2019 ஏப்ரலில் நிறுத்தப்பட்ட பிறகு, கோட்டை அழித்து விளக்கை அணைத்துத் தருவது சுலபமாகிவிட்டது. காரை எடுக்கும்போது விளக்கை மட்டும் பார்க்காதீர்கள். அரைத் தாங்கிப் பெற்றோலோடு இரவு முழுக்க நிறுத்தி, காலையில் ஓட்டி, ஸ்கானரில் ஆவிச் சோதனை 'ரெடி' (கணினி அந்தச் சோதனையை ஓட்டி முடித்துவிட்டது) என்று வந்திருக்கிறதா என்று கேளுங்கள். அது வர சில நாள் எடுக்கலாம். மிச்சக் கூலியை அதன் பிறகு கொடுக்கச் சம்மதிக்கிற கராஜைத் தேடிப் பிடியுங்கள்.

இப்படிக்கு,
வாகனத் திருத்துநர் ஒருவர்,
ஸ்காபரோ