சீனிப்பாகு வீடியோ பார்த்தவர்களுக்கு

அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

பத்து நாளாகக் கடைக்கு வருகிறவர்கள் தேன் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறீர்கள். தேனில் சீனி கலக்கிறோமோ என்ற சந்தேகம். காரணம் தெரியும். அம்பாசமுத்திரம் தோப்பில் எங்கள் தேனீப் பெட்டிக்குள் சீனிப்பாகுக் கிண்ணம் இருப்பதை யாரோ எடுத்த வீடியோ இந்நேரம் பாளையங்கோட்டை வரை போயிருக்கும். கிண்ணம் எங்களுடையதுதான். பாகும் நாங்கள் கலக்கியதுதான். தேனீ மூழ்காமல் உட்கார்ந்து குடிக்கக் குச்சி போட்டிருக்கிறோம், அதைப் போய்க் 'குப்பை' என்று ஒருவர் எழுதியிருக்கிறார்!

பாகு எதற்கு என்று சொல்கிறேன். குளிர்நாடுகளில் கோடையில் ஆறு வாரம் வாழும் பணித்தேனீ, பனிக்கு முன்னால் பிறந்தால் நாலைந்து மாதம் தாங்கும். ராணியை நடுவில் வைத்துப் பந்தாகக் கூடி, சிறகுத் தசையை நடுக்கி நடுக்கியே சூடு உண்டாக்கிக்கொள்ளும். சேர்த்து வைத்த தேன்தான் அதற்கு விறகு. நம்மூரில் பனி ஏது? ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் நம் தேனீக்குக் குளிர்காலம். வெளியே போக முடியாது, போனாலும் பூவில் ஒன்றும் இருக்காது. தீனி குறைந்தால் ராணி முட்டையைக் குறைக்கும், பணித்தேனீக்கள் ஆண் தேனீக்களைக் கூட்டைவிட்டுத் துரத்தும். அப்புறமும் பட்டினி என்றால், நாங்கள் வளர்க்கும் நாட்டுத் தேனீ பொறுக்காது. ஒருநாள் காலையில் பெட்டியே காலியாக இருக்கும்.

முட்டை தேனீயாக ஏறக்குறைய மூன்று வாரம். அதன்பின் இரண்டு, மூன்று வாரம் கூட்டுவேலை பார்த்துத்தான் பூவுக்குப் போகும். மாசியில் தேன் வேண்டுமென்றால் மார்கழியிலேயே முட்டை விழ வேண்டும். அதற்குத்தான் பாகு. தேனையே விட்டுவைக்கக் கூடாதா என்று ஓர் அக்கா கேட்டார்கள். நியாயம்தான். விட்டுத்தான் வைத்தோம், இந்த மழைக்குப் போதவில்லை.

பாகு போவது ராணி முட்டையிடும் அடியறைக்கு. நீங்கள் வாங்குவது மேலே தேனறையில் எடுப்பது. மழைக்காலத்தில் தேனறையில் அடை கட்டும் மரச்சட்டமே பெட்டியில் கிடையாது. தையில் பாகை நிறுத்தி, பூ கண்ட பிறகுதான் மாட்டுவோம். இப்போது கடையில் இருப்பது போன பங்குனி, சித்திரையில் எடுத்த தேன். வீடியோ எடுத்தவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெட்டி பார்த்துக்கொண்டிருந்த தம்பி ஆவணியில் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அவர் இருந்திருந்தால் அங்கேயே பொறுமையாகச் சொல்லி அனுப்பியிருப்பார். எனக்குக் கோபம்தான் வந்தது. அதற்கு மன்னிக்க வேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளம் பெட்டிகளைக் கொண்டுபோனபோது, "தேன் எப்போ வந்தாலும் சரி" என்று முன்பணம் தந்தவர்கள் நீங்கள். அந்தக் காசில் வாங்கிய பெட்டிகள்தான் இன்று தோப்பில் பாதி. அதை மறந்துவிட்டு உங்களுக்கே சீனியைக் கரைத்துக் கொடுப்போமா?

மாசியில் பெட்டிகளைக் குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டுபோக வண்டி வாடகை ஏறிவிட்டதால், தை முதல் அரைக் கிலோவுக்கு 40 ரூபாய் கூடும், வீட்டுக்குக் கொண்டுதருவதும் இப்போதைக்கு இல்லை.

மழை விட்டதும் ஒரு காலையில் தோப்புக்கு வாருங்கள், பெட்டியைத் திறந்தே காட்டுகிறேன். கறுப்புச் சட்டை மட்டும் வேண்டாம், தேனீக்களுக்குப் பிடிக்காது.

அன்புடன்,
உங்கள் தேன்கடைக்காரர்