பாகவதருக்கான இறுதித் தீர்ப்பு 1947இல் வந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு மலரில் பாடி நடித்துப் புகழ்பெற்ற திரைக் கலைஞர் எம்.கே.தியாகராஜ பாகவதரைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இன்றைய தலைமுறைக்கு அவரை நினைவூட்ட வேண்டும் என்று தங்கள் ஆசிரியர் குழுவுக்குத் தோன்றியதே மகிழ்ச்சிக்குரியது. ஆனால் கட்டுரையில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு முக்கால் பக்கத்துக்கு நீள, அவர் விடுதலையான செய்தி மட்டும் "பின்னர் சிறையிலிருந்து வெளியே வந்தார்" என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அதைப் படித்த என் பேரன், "தாத்தா, அப்ப இவர் கொலை செஞ்சவரா?" என்று கேட்டான். பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் சொல்லிக்கொடுத்த எனக்கு, அந்தக் கேள்விக்கு அந்தப் பையன் பொறுப்பல்லன், அந்த வரிதான் பொறுப்பு என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

நடந்தது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திரையுலகினரின் அந்தரங்கத்தை எழுதியே பிழைத்த 'இந்து நேசன்' பத்திரிகையின் ஆசிரியர் லட்சுமிகாந்தன், 1944 நவம்பர் 8ஆம் தேதி சென்னை வேப்பேரிப் பகுதியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தபோது கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார். அடுத்த மாதம் பாகவதரும், நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும், கோவைப் பட முதலாளி ஸ்ரீராமுலு நாயுடுவும் கைது செய்யப்பட்டார்கள். நாயுடு விசாரணை நீதிமன்றத்திலேயே விடுவிக்கப்பட்டார். மற்ற இருவருக்கும் 1945இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடும் தள்ளுபடியானது. வழக்கு அன்றைய உச்ச நீதி அமைப்பான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்கும்படி பிரிவி கவுன்சில் திருப்பி அனுப்ப, சென்னை உயர் நீதிமன்றம் சாட்சியங்களை மறுபடியும் எடைபோட்டு, 1947 ஏப்ரலில் இருவரையும் குற்றவாளிகள் அல்லர் என்று விடுவித்தது. தண்டனைக் காலம் முடிந்தோ, கருணை மனுவின் பேரிலோ, நன்னடத்தைக்காகவோ அவர்கள் வெளியே வரவில்லை. தண்டனையே செல்லாது என்ற தீர்ப்பின் பேரில்தான் வந்தார்கள். கீழ்த் தீர்ப்பை விரிவாக எழுதும் கட்டுரை, அதை அழித்த மேல் தீர்ப்பையும் அதே அளவு விரிவாக எழுதியாக வேண்டும். இறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட ஒருவர் தமக்காக மறுப்புக் கடிதம் எழுத முடியாது என்பதால் இது இன்னும் அவசியமாகிறது.

இனி, கட்டுரையின் இரண்டாவது கருத்துக்கு வருகிறேன். கொலைப் பழி விழுந்ததும் மக்கள் பாகவதரைக் கைவிட்டார்கள், அதனால்தான் அவர் வீழ்ந்தார் என்று கட்டுரையாளர் சொல்கிறார். பல ஆண்டுகளாகப் பலரும் எழுதிவரும் கருத்துதான் இது. ஆனால் இதே கட்டுரையில் வேறோர் இடத்தில் இருக்கும் செய்தியே இதை மறுக்கிறது என்பதைக் கட்டுரையாளர் கவனிக்கவில்லை. பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே திரையரங்கில் 1946 தீபாவளியையும் தாண்டி ஓடியது. "மூன்று தீபாவளி கண்ட படம்" என்று அதைப் பற்றி இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். அந்த மூன்று தீபாவளிகளில் முதலாவதை மட்டுமே பாகவதர் வெளியில் கொண்டாடினார். மற்ற இரண்டு தீபாவளிகளின்போதும் அவர் ஆயுள் தண்டனைக் கைதி. அதாவது, கொலைக் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து ஓராண்டுக்கு மேலான பிறகும் ஜனங்கள் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, கொட்டகையில் உட்கார்ந்து அவர் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இதையா கைவிடுதல் என்பது? என் தாயார் அந்தக் காலத்துப் பெண்மணி, கோயிலுக்குத் தவிர வேறெங்கும் போகாதவர். பாகவதர் ஜெயிலில் இருந்த நாட்களில் அவருக்காகச் சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டதாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். அவரைப் போல எத்தனையோ பேர் வேண்டியிருப்பார்கள்.

இன்னொரு சான்று, அதே வழக்கில் அதே தண்டனையைச் சுமந்து, அதே தீர்ப்பில் வெளிவந்த என்.எஸ்.கிருஷ்ணன். பழிதான் வீழ்ச்சிக்குக் காரணம் என்றால் அது கலைவாணரையும் சாய்த்திருக்க வேண்டும் அல்லவா? அவரோ வெளியே வந்து 1949இல் அண்ணாவின் எழுத்தில் 'நல்லதம்பி' படத்தைத் தந்தார். 1951இல் 'மணமகள்', அடுத்த ஆண்டு 'பணம்' ஆகிய படங்களைத் தாமே இயக்கினார். 1957இல் மறையும்வரை மக்களின் அன்புக்குரியவராகவே இருந்தார். ஒரே சிறையிலிருந்து வந்த இருவரில் ஒருவர் எழுந்தார், மற்றவர் எழவில்லை என்றால், காரணத்தைச் சிறைக்கு வெளியேதான் தேட வேண்டும்.

அந்தக் காரணம் பாகவதரின் கலையிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். அதைப் புரிந்துகொள்ள அவர் எங்கிருந்து வந்தார் என்று பார்க்க வேண்டும். மாயவரத்தில் 1910இல் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்து, எங்கள் திருச்சியில் வளர்ந்தவர் அவர். ரயில்வேயில் பெரிய அதிகாரியாக இருந்து நாடகத்தில் தீராத பற்றுக்கொண்டிருந்த எஃப்.ஜி.நடேச ஐயர், சிறுவன் தியாகராஜனின் குரலைக் கேட்டு, ரசிக ரஞ்சன சபாவின் 'ஹரிச்சந்திரா' நாடகத்தில் ஹரிச்சந்திரனின் மகன் லோகிதாசனாக மேடையேற்றினார். அதன் பிறகு ஆலத்தூர் வேங்கடேச ஐயர் போன்றவர்களிடம் முறையாகச் சங்கீதம் கற்றார். மைக் என்பதே இல்லாத நாடகக் கொட்டகை அது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதிலும் பாட்டு விழ வேண்டும் என்பதால், நடிகன் உயர்ந்த சுருதியில் பாடியாக வேண்டும். எஸ்.ஜி.கிட்டப்பா அப்படிப் பாடித்தான் அந்தத் தலைமுறையை ஆண்டார். கிட்டப்பா 1933 இறுதியில் இளம் வயதிலேயே மறைந்தார். மறு ஆண்டே 'பவளக்கொடி' வந்தது. கே.சுப்ரமணியம் இயக்கிய அந்தப் படத்தில் அர்ஜுனனாக வந்த பாகவதர், கிட்டப்பா விட்டுச்சென்ற இடத்தை வெள்ளித்திரையில் நிரப்பினார் என்று சொன்னால் மிகையாகாது.

அன்று மக்கள் டாக்கி எனப்பட்ட பேசும் படத்துக்குப் போனது பாட்டுக் கேட்கத்தான். 'பவளக்கொடி'யில் ஐம்பது பாட்டுகள் என்பார்கள். பாபநாசம் சிவன் எழுதிய சாகித்தியம், பிற்காலத்தில் ஜி.ராமநாதனின் இசை, இரண்டையும் தூக்கி நிறுத்தும் அந்தக் கணீர்க் குரல் ஆகியவை சேர்ந்தபோது, கதையில் ஓட்டை இருந்தாலும் யாரும் கவலைப்படவில்லை. 1937இல் வெளிவந்த 'சிந்தாமணி' மதுரையில் ஈட்டிய லாபத்தில் அதே பெயரில் ஒரு திரையரங்கே எழுந்தது. இளைஞர்கள் தோள்வரை முடி வளர்த்து 'பாகவதர் கிராப்' வைத்துக்கொண்டார்கள். என் தகப்பனாரின் இளவயதுப் படம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் அவர் தலையும் அப்படித்தான். 1934 முதல் 1944 வரை பத்தாண்டுகளில் பாகவதர் நடித்தவை ஒன்பதே படங்கள். வாழ்நாள் முழுவதுமே பதினான்குதான். அத்தனை குறைந்த எண்ணிக்கையைக் கொண்டு அவ்வளவு பெரிய புகழைப் பெற்றவர் தமிழ்த் திரையில் வேறு யாரும் இல்லை என்றே நினைக்கிறேன்.

அவர் சிறையில் இருந்த காலத்தில் மாறியது ரசிகர்களின் அன்பு அன்று, அவர்களின் காது. பாட்டைக் கேட்கப் போனவர்கள் வசனத்தைக் கேட்கப் போகத் தொடங்கினார்கள். இதில் வியப்பு என்னவென்றால், அந்த மாற்றத்தின் விதை பாகவதரின் சொந்தப் படத்திலேயே இருந்தது. எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி'யில்தான் இளங்கோவனின் செறிவான தமிழ் வசனம் முதன்முதலாகப் பேசப்பட்டது. இளங்கோவன் தொடங்கி வைத்ததை அண்ணாவும் கருணாநிதியும் வேறொரு வேகத்தில் எடுத்துக்கொண்டு போனார்கள். 1949இல் 'வேலைக்காரி', 1950இல் 'மந்திரி குமாரி' ஆகியவற்றுக்குப் பிறகு 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' வந்தது. அதே 1952இல்தான் பாகவதரின் 'அமரகவி'யும் 'சியாமளா'வும் வந்தன என்பதை நினைத்துப் பார்த்தால், அவர் எந்த வெள்ளத்துக்கு எதிரே நின்றார் என்பது விளங்கும். 1941இல் வெளிவந்த அவருடைய 'அசோக் குமார்' படத்தில் சிறிய வேடத்தில் வந்த எம்.ஜி.ஆர்., அவர் விடுதலையான 1947இல் 'ராஜகுமாரி'யின் கதாநாயகனாகிவிட்டார்.

பின்னணிப் பாடல் முறை வேரூன்றியதும் நடிகன் பாடத் தெரிந்தவனாக இருக்க வேண்டிய தேவையே போய்விட்டது. பாடி நடித்த மற்றொரு பெருங்கலைஞரான பி.யு.சின்னப்பா 1951இல் காலமானதோடு அந்த மரபு ஏறக்குறைய முடிந்தது. ஆனால் பாகவதரின் குரல் முற்றிலும் மறைந்துவிடவில்லை. அவரைப் போலவே பாடிப் பழகிய மதுரை இளைஞர் டி.எம்.சௌந்தரராஜன், 'கிருஷ்ண விஜயம்' படத்தில் பாகவதர் சாயலில்தான் தம் முதல் திரைப்பாட்டைப் பாடினார். பிறகு சிவாஜிக்கும் எம்.ஜி.ஆருக்கும் அவரே குரலானார். தங்கள் கட்டுரையாளர் இந்தத் தொடர்ச்சியை ஒரு பத்தியிலாவது எழுதியிருக்கலாம்.

இந்த மாற்றத்துக்குத் தம்மை மாற்றிக்கொள்ள பாகவதரால் முடியவில்லை, அல்லது அவர் விரும்பவில்லை. விடுதலையான கையோடு சொந்தமாக எடுத்த 'ராஜமுக்தி' 1948இல் வந்தது. புனேயில் தங்கிப் படமாக்கினார்கள். அதற்கு வசனம் எழுதப் போன புதுமைப்பித்தன் காசநோயோடு திரும்பி அதே ஆண்டில் மாண்டது தமிழ் இலக்கியத்துக்கு நேர்ந்த தனித்துயரம். எம்.ஜி.ஆர்., பானுமதி, வி.என்.ஜானகி எல்லோரும் இருந்தும் படம் ஓடவில்லை. ஏனென்றால் அது 1944ஆம் ஆண்டின் படமாகவே இருந்தது. தம் கைப்பொருளைப் போட்டு எடுத்த படம் என்பதால் இழப்பும் அவருடையதாயிற்று. கலைவாணர் இந்த இடத்தில்தான் வேறுபட்டார்: அவருடைய கலை சமகாலத்தைப் பேசுவது, ஆகவே காலம் மாறியபோது அதுவும் கூடவே மாற முடிந்தது. பாகவதரின் கலையோ பக்தியையும் ராகத்தையும் நம்பி நின்றது. ஒரு கலைஞன் தனக்குத் தெரிந்த உயர்ந்த ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டதைத் தோல்வி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

பிற்காலத்தில் அவர் பிச்சைக்காரரைப் போலத் திரிந்தார் என்ற பொருள்பட ஒரு வாக்கியமும் கட்டுரையில் உள்ளது. பழைய செல்வம் போய்விட்டது உண்மை, நீரிழிவு நோய் அவரை வாட்டியதும் உண்மை. ஆனால் அவர் கச்சேரி மேடையைக் கைவிடவில்லை. 1957இல் 'புதுவாழ்வு' வந்தது. 1959 நவம்பர் 1ஆம் தேதி சென்னைப் பொது மருத்துவமனையில் காலமாகும்போதும் அவர் நடித்த 'சிவகாமி' வெளிவராமல் காத்திருந்தது, மறு ஆண்டுதான் வந்தது. கடைசிவரை உழைத்த மனிதர் அவர். 'அசோக் குமார்' படத்தில் கண்ணிழந்த இளவரசன் குணாளனாக அவர் பாடித் திரிந்த காட்சிகள் மக்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டதால், அந்தச் சோக உருவத்தையே அவருடைய சொந்த வாழ்க்கைக்கும் நாம் பூட்டிவிட்டோமோ என்று எனக்கு அடிக்கடி தோன்றுவதுண்டு.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். வரும் ஞாயிறு மலரில், பாகவதரும் கலைவாணரும் 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தால் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டனர் என்ற செய்தியைத் திருத்தமாக, கட்டுரை வந்த அதே பக்கத்தில் வெளியிட வேண்டும். அடுத்த முறை அவரைப் பற்றி எழுதும்போது, சிவனும் ராமநாதனும் பாகவதரும் சேர்ந்து ஆக்கிய பாட்டுகளைப் பற்றிச் சங்கீதம் அறிந்த ஒருவரை எழுதச் சொல்ல வேண்டும். பேரனுக்கு அன்று மாலையே 'ஹரிதாஸ்' பாட்டுகளைப் போட்டுக் காட்டினேன். முதல் பாட்டு முடியும்வரை அவன் ஒன்றும் பேசவில்லை, பிறகு இன்னொன்று போடச் சொன்னான்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
திருச்சிராப்பள்ளி